கோடை லீவில் பனிச்சறுக்கு... மதியத்துக்குள் முடித்துவிடுங்கள்!

ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் பூட்டும் நேரத்தில்தான் கடலூர் மாவட்டத்தில் வெயில் தன் முழு முகத்தையும் காட்டும். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலைப் பக்கம் அனல் காற்று வீசும். மரங்கள் அடர்ந்த நெய்வேலி டவுன்ஷிப்பிலேயே மதியத்தில் தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். "குளிரா எங்கேயாவது போகலாம்ப்பா" என்று பிள்ளைகள் கேட்டால் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று பதில் வரும். ரீல்ஸ் பார்க்கும் பிள்ளைகளோ, "பனியில சறுக்கணும்" என்கிறார்கள்.

ஏப்ரல், மே மாதத்தில் பனி இருக்குமா? இருக்கும். நமக்குக் கோடை லீவு விடும் நேரம், இமயமலையிலும் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையிலும் வசந்த காலம். அடிவாரத்தில் புல் தலைகாட்டினாலும் உச்சியில் பனி மிச்சமிருக்கும்.

பனி வேறு, பனியாறு வேறு

குளிர்காலத்தில் பெய்து கோடையில் கரைவது சாதாரணப் பனி. பல ஆண்டுகள் கரையாமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து, தன் எடையாலேயே இறுகிக் கட்டியாகி, மலைச்சரிவில் மெல்ல மெல்ல நகர்ந்து இறங்குவது பனியாறு. வசந்தத்திலும் சறுக்க முடிகிற ஊர்களில் பல, இந்தப் பனியாறுகளின் புண்ணியத்தில் பிழைப்பவை. சுவிட்சர்லாந்தின் செர்மாட், ஆஸ்திரியாவின் ஹின்டர்டக்ஸ் இரண்டிலும் ஆண்டு முழுக்கச் சறுக்குகிறார்கள். இந்தியச் சுற்றுலாக் குழுக்கள் தவறாமல் போகும் டிட்லிஸில் கேபிள் கார் ஏறி இறங்கும் இடம் 3,020 மீட்டர் உயரம். அங்கே மே மாதம் வரை சீசன் உண்டு.

நம் நாட்டில்?

காஷ்மீரின் குல்மர்க்தான் பெயர் பெற்ற இடம். ஊரே சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இரண்டு கட்டமாக ஏறும் கோண்டோலா, அஃபர்வத் மலையில் ஏறத்தாழ 3,980 மீட்டர் வரை கொண்டுபோய் விடும். சறுக்குக்கு ஜனவரி, பிப்ரவரி உச்சம் என்றாலும் ஏப்ரலிலும் மேல் சரிவுகளில் பனி கிடக்கும். அங்கே இருப்பது பருவப் பனி. பனியாற்றையே பார்க்க வேண்டுமென்றால் சோனமர்க் பக்கம் இருக்கும் தாஜிவாஸுக்குப் போகலாம். குதிரையிலோ நடந்தோ போய்ச் சேர்ந்தால், உள்ளூர்க்காரர்கள் மரச் சறுக்கு வண்டியில் உட்கார வைத்து இழுத்து விளையாட்டுக் காட்டுவார்கள்.

ரயிலிலேயே போகவும் வழி பிறந்திருக்கிறது. சென்னையிலிருந்து கத்ராவுக்கு அந்தமான் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூனில் வந்தே பாரத் ரயில் தொடங்கப்பட்டது. 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டு, படிப்படியாகத் திறக்கப்பட்டன. அதனால் டிக்கெட் போடும் முன் அரசு அறிவிப்பைப் பார்த்துவிடுவது நல்லது.

சர்க்கரையா, பாகா?

வசந்தகாலப் பனிக்கு ஒரு கடிகாரம் உண்டு. இரவில் உறைந்து, விடியற்காலையில் சிமென்ட் தரை மாதிரி கெட்டியாக இருக்கும். விழுந்தால் எலும்பு பேசும். வெயில் ஏறி மேல்தோல் மட்டும் லேசாக இளகும்போது, சர்க்கரைக் குருணை போல உதிரியாகிவிடும். புதிதாகக் கற்பவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. வழுக்கலும் அளவாக இருக்கும், விழுந்தாலும் மெத்தென்று இருக்கும். மதியம் தாண்டினால் பாகு பதத்துக்கு வந்துவிடும். சறுக்குப் பலகை சிக்கி முழங்கால் திருகிக்கொள்ளும். ஈரம் ஏறிய பனி சரிந்து விழும் ஆபத்தும் கூடும். அதனால்தான் வசந்தத்தில் மதியச் சாப்பாட்டோடு சறுக்கை முடித்துக்கொள்கிறார்கள்.

கவனிக்க வேண்டியவை இன்னும் சில:

* கடல் மட்டத்தை ஒட்டிய ஊரிலிருந்து கிளம்பி, இறங்கிய அன்றே உச்சிக்கு ஏற வேண்டாம். முதல் நாள் ஓய்வு. தலைவலி, வாந்தி வந்தால் கீழே இறங்கிவிட வேண்டும். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே கிளம்ப வேண்டும்.
* 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவிகிதம் கூடும். புதுப் பனி அதில் 80 சதவிகிதம் வரை திருப்பி அடிக்கும். கூலிங் கிளாஸும் சன் ஸ்கிரீனும் குழந்தைகளுக்கும் கட்டாயம்.
* பனியாற்றில் அடையாளம் வைத்த பாதையை விட்டு விலகக் கூடாது. மேலே மெல்லிய பனி மூடியிருக்க, அடியில் ஆழமான பிளவு இருக்கலாம்.

எத்தனை நாளைக்கு?

பொலிவியாவின் சக்கல்டாயா ஒரு காலத்தில் உலகின் மிக உயரமான சறுக்கு மையம். அதைத் தாங்கிய பனியாறு 2009-ல் அடியோடு மறைந்துபோனது. சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் 2022, 2023 என்ற இரண்டே ஆண்டுகளில் தங்கள் பனியில் 10 சதவிகிதத்தை இழந்தன. டிட்லிஸில் கோடை வந்தால் பனியைக் காக்க வெள்ளைத் துணி போர்த்துகிறார்கள்.

குல்மர்க்கும் தப்பவில்லை. 2024 ஜனவரியில், பனி கொட்ட வேண்டிய நாட்களில், வெறும் புல்வெளியைப் பார்த்துத் திரும்பினார்கள் பயணிகள். 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. பயணிக்கு அது ஒரு லீவு வீணான வருத்தம். காஷ்மீரிகளுக்கோ பனிதான் கோடைத் தண்ணீர். அதுதான் ஆப்பிள் தோட்டமும் நெல் வயலும்.

இதில் கடலூர் மாவட்டத்துக்கும் ஒரு நூல் ஓடுகிறது. 1956-ல் தொடங்கிய என்.எல்.சி. நிறுவனம் நெய்வேலியில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரியில் பாதிக்குப் பாதி ஈரம். அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மற்ற நிலக்கரியைவிட அதிகமாகக் கரியமில வாயு வெளியேறும். நம் வீட்டு ஃபேன் சுற்றுவதும், பல குடும்பங்களில் உலை கொதிப்பதும் அந்த நிலக்கரியால்தான். பனியைக் கரைக்கும் வெப்பத்தில் உலகெங்கும் எரியும் நிலக்கரிக்குப் பெரிய பங்கு இருப்பதும் உண்மைதான்.

எனவே பிள்ளைகள் பனி கேட்டால், தேர்வு முடிந்த கையோடு, ஏப்ரலிலேயே கிளம்புங்கள். உயரமான இடமாகப் பாருங்கள். பனி குறைவாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு மாற்றுத் திட்டமும் பையில் இருக்கட்டும். சறுக்கி முடித்த பிறகு, இந்தப் பனி உருகி எந்த ஆற்றுக்குப் போகிறது என்று பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டுங்கள்!