முடி போயிற்று, சிங்கம் வந்தது, பெயர் எங்கே?

லண்டனில் மன்னர் மாறினார். போலீஸ்காரரின் தொப்பி வில்லையும் மாறுகிறது!

2022 செப்டம்பர் 8 அன்று எலிசபெத் அரசி மறைந்தார். அந்த நொடியே மகன் சார்லஸ் மன்னரானார். அரசியின் காலத்து வில்லையில் மகுடத்தின் வளைவு நடுவில் சற்றுப் பள்ளமாக இருக்கும். புது மன்னர் தேர்ந்துகொண்ட மகுடம் அவருடைய பாட்டனார் ஆறாம் ஜார்ஜ் காலத்தது. அதன் வளைவு உருண்டு திரண்டு நிற்கும். இந்தப் பள்ளத்துக்கும் மேட்டுக்குமாக, பழைய சரக்கு தீரத் தீர, அங்கே தொப்பி வில்லைகள் புதிதாக ஏறுகின்றன.

"நமக்கென்ன ஐயா அதனால்?" என்று கேட்பீர்கள். நாகல்கேணியில் தோல் பதனிடும் தோழருக்கும், விடியுமுன் தாம்பரத்தில் மின்ரயில் ஏறிக் கிண்டித் தொழிற்பேட்டைக்கு ஓடும் தோழருக்கும், லண்டன் மகுடம் பள்ளமானால் என்ன, மேடானால் என்ன?

இருக்கிறது, தோழரே! வில்லை என்பது வெறும் அலங்காரமன்று. "நீ யாருடைய ஆள்?" என்ற கேள்விக்குப் பதில் அது. இங்கிலாந்தில் புதிதாகச் சேரும் கான்ஸ்டபிள், மன்னருக்கு ஊழியம் புரிவதாக உறுதிமொழி கூறித்தான் வேலையில் அமர்கிறார். மன்னரின் ஆள், ஆகவே தலையில் மன்னரின் மகுடம். அவர்கள் வரையில் கணக்குச் சரி.

நம் கணக்கைப் பார்ப்போம்.

1950 ஜனவரி 26 அன்று நாம் குடியரசானோம். சாரநாத்தில் கண்டெடுத்த அசோகத் தூணின் சிங்கம் நாட்டின் சின்னமாயிற்று. முடி இருந்த இடத்தில் சிங்கம் அமர்ந்தது. இன்றும் அங்கே சூப்பரின்டெண்டெண்ட் தோளில் மகுடம். இங்கே போலீஸ் சூப்பிரண்டு தோளில் சிங்கமும் நட்சத்திரமும். மன்னர் பெயரில் வழங்கிய போலீஸ் பதக்கத்தின் இடத்தில், 1951இல் குடியரசுத் தலைவர் பெயரில் பதக்கம் வந்தது. 1952இல் ஆறாம் ஜார்ஜ் இறந்து எலிசபெத் அரியணை ஏறியபோது, சென்னைப் போலீஸ்காரர் ஒரு பொத்தானைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. பெருமைக்குரிய மாறுதல்தான். மறுப்பாரில்லை.

அங்கே அரசி மறைந்த அதே 2022இல் நம் பக்கத்திலும் மாறுதல்கள் வந்தன. ஜனவரி 1 அன்று சென்னைப் பெருநகரக் காவலிலிருந்து பிரிந்து, தாம்பரம் தனி ஆணையரகமாயிற்று, ஆவடியும் அவ்வாறே. பெயர்ப் பலகைகள் மாறின. ஜூலை 31 அன்று குடியரசுத் தலைவரின் சிறப்புக் கொடியைத் தமிழ்நாடு காவல்துறைக்கு அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் வெங்கய்ய நாயுடு வழங்கினார். அதைக் குறிக்கும் சின்னம் காவலரின் இடது கையில் ஏறிற்று.

தலையில் சின்னம், தோளில் சின்னம், கையில் சின்னம்! ஆனால் சின்னத்துக்குள்ளே இருக்கும் சட்டம்?

மாவட்டக் காவலுக்கான சட்டம் 1859இல் செய்தது. சென்னை மாநகரக் காவலுக்கான சட்டம் 1888இல் செய்தது. இரண்டும் விக்டோரியா மகாராணி காலத்தவை. திருத்தங்களோடு இன்னும் உயிரோடிருக்கின்றன. ஊரை அடக்கி வைக்க ஒரு படை வேண்டும் என்று வெள்ளையன் நினைத்த காலத்தில் எழுதியவை. முடியைக் கழற்ற ஒரு நாள் போதுமானதாயிருந்தது. முடியாட்சியின் சட்டத்தைக் கழற்ற முக்கால் நூற்றாண்டும் போதவில்லை!

விளைவைக் கண்டோம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு மாண்டனர். 2025 ஜூனில் திருப்புவனத்தில் ஒரு கோயில் காவலாளி போலீஸ் விசாரணையில் அடிபட்டு மாண்டார். இரண்டுக்கும் இடையே கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது. லத்தி மாறவில்லை.

சின்னத்தோடு சட்டமும் மாறினால் என்ன ஆகும்? அதற்கும் சான்று உண்டு. அதே மகுடத்தின் ஆட்சியிலேயே உண்டு. வட அயர்லாந்தில் போலீஸ் படையின் பெயரே "ராயல்" என்று தொடங்கும். வில்லையில் யாழும் அதன் மேல் மகுடமும். பத்துக்கு நான்கு பேர் கத்தோலிக்கராயிருந்த நாட்டில், அந்தப் படையில் நூற்றுக்கு 8 பேரே கத்தோலிக்கர். 2001 நவம்பரில் பெயரை மாற்றினார்கள். மகுடத்தை யாழ், தராசு, தீப்பந்தம் முதலியவற்றோடு சமமாக, ஆறில் ஒன்றாக வைத்தார்கள். அதோடு நின்றார்களா? இல்லை. ஆள் எடுப்பதில் பாதிக்குப் பாதி என்று விதி செய்தார்கள். போலீசார்மீது வரும் புகாரை விசாரிக்கப் போலீசுக்குக் கட்டுப்படாத தனி அதிகாரியை அதற்கு முந்திய ஆண்டே அமர்த்தியிருந்தார்கள். பத்தாண்டில் கத்தோலிக்கர் நூற்றுக்கு ஏறத்தாழ 30 ஆயினர். குறைகள் தீர்ந்துவிடவில்லை, ஆனால் புது வில்லைக்கு ஒரு பொருள் ஏற்பட்டது.

இங்கே? புகார் ஆணையம் வேண்டும், ஓய்வு பெற்ற நீதிபதி தலைமை வகிக்க வேண்டும் என்று 2006 செப்டம்பரில் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. தமிழ்நாட்டில் 2013இல் சட்டம் வந்தது. எப்படி வந்தது? மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், காவல்துறைத் தலைவர் உறுப்பினர். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், போலீஸ் சூப்பிரண்டு உறுப்பினர்! அடித்தவரின் மேலதிகாரியிடமே அடிபட்டவர் முறையிட வேண்டுமாம். பூனைமீது புகார் சொல்லப் பூனையின் அண்ணனிடம் எலி போகுமா?

ஆகவேதான் சொல்கிறோம்: நாம் பார்க்க வேண்டிய வில்லை தொப்பியில் இல்லை; மார்பில் இருக்கிறது. பெயர் வில்லை!

தாம்பரம் ரயிலடியில் சுமை தூக்கும் தோழரின் கையைப் பாருங்கள். வில்லையில் எண் இருக்கும். தகராறு வந்தால் பயணி அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். மூட்டை தூக்குகிறவருக்கு அடையாளம் வேண்டுமென்றால், மனிதனையே தூக்கிக்கொண்டு போகிறவருக்கு வேண்டாமா?

வேண்டும் என்று 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைது செய்யும் போலீஸ்காரர் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரிய அணிந்திருக்க வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள, வாயில் நுழையாத வடமொழிப் பெயர் கொண்ட புதுச் சட்டத்தின் 36ஆம் பிரிவும், பெயர் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்கிறது. கைதுக் குறிப்பு எழுத வேண்டும். குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ ஒருவர் அதில் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஏட்டில் இத்தனையும் உண்டு. திருப்புவனத்திலோ சீருடையில்லாத தனிப்படை வந்தது!

காவலரை நாம் பகைக்கவில்லை. அவரும் கூலிக்கு உழைப்பவர்தான். நேரங்காலமின்றி வெயிலில் நிற்பவர்தான். பெயர் தெரிய நிற்கும் காவலருக்கு நேர்மையே கவசம். பெயரை மறைப்பவருக்குத்தான் அச்சம்.

தோழர்களே! பெருங்களத்தூரிலோ பல்லாவரத்திலோ சேலையூரிலோ ஒரு தொழிலாளியைப் பிடித்துப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், கூச்சல் போடாதீர்கள். இருவராகச் செல்லுங்கள். பெயரைப் படியுங்கள். நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். கைதுக் குறிப்பைக் கேளுங்கள். ஆளும் கட்சி எதுவாயினும் புகார் ஆணையத்துக்கு நீதிபதி தலைமை வேண்டுமென்று கோரிக்கொண்டே இருங்கள்.

அங்கே மன்னருடைய ஆள் என்று மகுடம் சொல்கிறது. இங்கே மக்களுடைய ஆள் என்று சிங்கம் சொல்கிறது. சிங்கம் சொல்வது மெய்யானால், மார்பிலுள்ள பெயரைக் காட்டத் தயக்கம் எதற்கு?