ஈரத் தானியத்தை மேலே வைப்போம்

விற்பனைத் துறையில் பணிபுரியும் நம் பிள்ளைகளை அஞ்சவைக்கும் மூன்றெழுத்து ஒன்று உண்டு: பி.ஐ.பி. செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம் என்பது அதன் பொருள். 30, 60 அல்லது 90 நாள்களுக்குள் குறித்த இலக்கை எட்ட வேண்டும். தவறினால் வேலை நிலைக்காது. திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பு என்று பெயர். பல இடங்களில் அது வெளியேற்றத்துக்கான முன்னறிவிப்பாகவே அமைகிறது. அந்தக் கடிதத்தைப் பையில் மறைத்துக்கொண்டு, வீட்டில் எதுவும் நடவாததுபோல் உலவும் இளைஞர்களை நாம் அறிவோம்.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் கடை கடையாக ஏறி இறங்கும் விற்பனைப் பிரதிநிதிக்கு இச்சோதனை இன்னும் கடினம். இங்குப் பணப்புழக்கம் பெரிதும் பட்டாசுத் தொழிலைச் சார்ந்தது. தீபாவளிக்கு முன் கடைவீதி நிறையும். பண்டிகை முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் ஓயும். மளிகைக் கடைகளில் கடன் ஏறும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை விதித்ததையடுத்து, சிவகாசிப் பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. கூலி நின்ற வீட்டில் பிஸ்கட்டும் சோப்பும் முன்போல் வாங்குவார்களா? ஆனால் தொலைவிலுள்ள தலைமையகம் வகுக்கும் இலக்குக்கு இந்த ஊரின் பருவங்கள் தெரிவதில்லை.

இந்த நெருக்கடியில்தான் ஷைத்தான் எளிய வழியொன்றைக் காட்டுகிறான். மாதக் கடைசியில் தெரிந்த விநியோகஸ்தர் பெயரில் பில் போட்டுவிட்டு, அடுத்த மாதம் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். விற்காத பெட்டிகளைச் சிறு கடைக்காரர் தலையில் கட்டிவிடலாம் என்றும் தோன்றும். ஆனால் ஒரு மாதத்துப் பொய்யை மறைக்க மறுமாதம் அதைவிடப் பெரிய பொய் தேவைப்படும். முடிவில் வேலையும் போகும். மோசடி செய்தவர் என்ற பெயரும் சேரும். அதுவரை பெற்ற ஊக்கத்தொகை ஹலாலா என்ற கேள்வி உறக்கத்தைக் கெடுக்கும்.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று நபியவர்கள் கேட்டார்கள். ஏமாற்றுவோரைக் கடுமையாக எச்சரித்தார்கள். பருப்பும் வத்தலும் மூட்டை மூட்டையாகக் கைமாறும் விருதுநகர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழை பெய்ததற்காக அவ்வணிகர் கண்டிக்கப்படவில்லை. ஈரத்தை மறைத்ததற்காகவே கண்டிக்கப்பட்டார். விற்பனை குறைவது மழை போன்றது. பொய்க் கணக்கு எழுதுவது மறைப்பு.

ஆகவே, ஈரத்தை நாமே மேலே வைப்போம். கணக்கில் கொள்ளப்படுவது விநியோகஸ்தருக்குச் சென்ற சரக்கா, கடைக்குச் சென்ற சரக்கா என்பதைக் கடிதம் வந்த அன்றே மின்னஞ்சலில் கேட்டுத் தெளிவோம். எந்தப் பகுதியில் ஆலைகள் ஓய்ந்துள்ளன, எந்தக் கடையில் நிலுவை உள்ளது என்பதை வாரந்தோறும் மேலாளருக்கு எழுதுவோம். செல்லாமல் விட்ட கடைகள் இருந்தால் அந்தக் குறையையும் ஒப்புக்கொண்டு திருத்துவோம். கையொப்பம் கேட்டால், 'பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் குறித்து, உடன்படாதவற்றைத் தனியே எழுதித் தருவோம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, விற்பனை மேம்பாட்டு ஊழியரையும் தொழிலாளர் என்ற வரையறைக்குள் சேர்த்துள்ளது. ஆதலால், மிரட்டலுக்கு அஞ்சி ராஜினாமா எழுதிக் கொடுக்குமுன் சட்டம் அறிந்தவரிடம் ஆலோசிப்பது நலம். அதே வேளையில் வேறு வேலையும் தேடுவோம். முயற்சி தவக்குலுக்கு மாறானதன்று.

வீட்டிலுள்ளோருக்கும் இதில் பங்குண்டு. மகனையோ கணவனையோ சம்பளத்தால் மட்டும் அளக்கும் வீட்டில் யார்தான் ஈரத்தை வெளியே காட்டுவார்? "வேலை போனாலும் பரவாயில்லை அத்தா, சேர்ந்து சமாளிப்போம்" என்று ஒரு பிள்ளை சொல்லக் கேட்டவருக்குப் பொய் பில் போடத் தேவையிராது. தவணைக் கடன்களையும் வீட்டுச் செலவையும் ஒன்றாக அமர்ந்து பேசுவோம்.

இவ்வளவும் செய்த பின்னும் வேலை போகக்கூடும். நேர்மையாளருக்கு வேலை நிலைக்கும் என்று நாம் வாக்களிக்க இயலாது. ஆனால் ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். இன்ஷா அல்லாஹ், நாளை வேறொரு நிறுவனத்தின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதே கடைகளின் படியேறும்போது, கடைக்காரரின் முகத்தைப் பார்த்து ஸலாம் சொல்ல நமக்குத் தயக்கம் இராது.