கமலம் பகலகி ஆன கதை



சென்ற இதழ் நான்கு நாள் பிந்திவிட்டது. "இன்னும் புத்தகத்தைக் காணலையே" என்று குலசேகரத்திலிருந்தும் அருமனையிலிருந்தும் அழைத்துக் கேட்டவர்களுக்கு அப்போது சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

கோதையாறும் பரளியாறும் சுற்றி ஓடும் திருவட்டாற்றுக்கு ஐப்பசி இடிமழை புதிதல்ல. அப்படியொரு இரவில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்து, அலுவலகக் கணினியின் வன்தட்டு கெட்டது. மறுநாளே புதுத் தட்டு வந்துவிட்டது. இயங்குதளத்தை நானே நிறுவ உட்கார்ந்தேன். நான்கு நாளையும் தின்றது விசைப்பலகைதான்.

முதல் நாள், நிறுவும் திரை வந்ததும் விசைகள் வேலை செய்யவில்லை. கணினியில் பிழை தேடுவதற்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பொத்தானை அமுக்கியதும் விழிப்பது கணினிக்குள்ளேயே இருக்கும் பயாஸ்; அதற்கு விசைப்பலகை தெரியும். பிறகு நிறுவி பொறுப்பேற்கும்போது அதனிடமும் விசைப்பலகை செருகியிருக்கும் யூஎஸ்பி வழிக்கான டிரைவர் இருக்க வேண்டும். 2009இல் வந்த விண்டோஸ் 7இன் நிறுவியில் யூஎஸ்பி 3.0க்கான டிரைவர் கிடையாது. அதனால்தான் பிற்காலத்துக் கணினிகளில் அதை நிறுவப் போனவர்கள், பயாஸில் ஓடிய விசைப்பலகை அடுத்த திரையில் செத்துக் கிடப்பதைப் பார்த்துத் திகைத்தார்கள். யூஎஸ்பி 3.0க்கான நீல நிறத் துளையிலிருந்து கழற்றிக் கறுப்புத் துளையில் செருகிப் பாருங்கள். பழைய உருண்டை முனை விசைப்பலகை வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். புளூடூத் விசைப்பலகையை மட்டும் நம்பி இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

இரண்டாம் நாள் கடவுச்சொல். நாம் எழுதுவது பிரிட்டிஷ் ஆங்கிலம்தானே என்று நிறுவும்போது இங்கிலாந்து அமைப்பைத் தேர்ந்தேன். அதில் ஷிஃப்டுடன் 2ஐ அழுத்தினால் @ வராது, இரட்டை மேற்கோள் வரும். கடவுச்சொல்லில் @ என்று நினைத்து நான் அடித்தது அதைத்தான்; திரையில் வெறும் புள்ளிகள்தானே தெரிகின்றன! பிறகு அமெரிக்க அமைப்புக்கு மாற்றியதும் என் கடவுச்சொல்லை என் கணினியே ஏற்கவில்லை. இந்தியாவில் விற்கும் விசைப்பலகைகள் பெரும்பாலும் அமெரிக்க அமைப்பிலானவை. முதல் கடவுச்சொல்லில் எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கட்டும். உள்ளே நுழைந்தபின் மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள்தான் எங்கள் தட்டச்சுத் தங்கை வந்து உட்கார்ந்தார். தொடர்கதையின் நாயகி பெயர் கமலம். இரண்டு நிமிடம் கழித்து, "அண்ணே, கமலம்னு அடிச்சா பகலகின்னு வருது" என்றார்.

அவர் விரல்களுக்குத் தெரிந்தது தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் உருவாகி, அந்த ஆண்டே தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. நான் பட்டியலில் 'தமிழ்' என்று இருந்ததைச் சொடுக்கினேன். அதுவோ இன்ஸ்கிரிப்ட். தமிழ்99இல் க இருக்கும் விசையில் இன்ஸ்கிரிப்ட் ப வைத்திருக்கிறது. ம இருக்கும் இடத்தில் க. புள்ளி இருக்கும் இடத்தில் இகரக் கொக்கி. இந்தப் பெயரில் ல மட்டும் இரண்டிலும் ஒரே இடம். விண்டோஸில் வெகுகாலம் 'தமிழ்' என்ற பெயரில் இருந்தது இன்ஸ்கிரிப்ட்தான். தமிழ்99 அதில் சேர்ந்தது 2019 மே மாதப் பதிப்பில். லினக்ஸில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பெயரை முழுதாகப் படித்தால் போதும்.

ஆனால் இன்ஸ்கிரிப்டை நான் பழிக்க மாட்டேன். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் ஒரே இடவொழுங்கு அது. தமிழ் க இருக்கும் விசையிலேயே மலையாளக் ககரமும் இருக்கும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் திருக்கொச்சியோடும் கிடந்த மண் எங்கள் திருவட்டாறு. தாத்தா காலத்து ஆதாரம் (சொத்துப் பத்திரம்) மலையாளத்தில் இருக்கும் வீடுகள் இங்கே எத்தனையோ. அவற்றைத் தட்டச்சு செய்து காப்பாற்ற நினைக்கும் பிள்ளைகள் இன்ஸ்கிரிப்டைப் படித்தால், ஒரு பயிற்சியில் இரண்டு மொழி கைவரும்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது: இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் முடித்து, தட்டச்சுப் பொறியில் விரல் பழகியவர்கள். எங்களுக்குக் கட்டுரை அனுப்பும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் புதுக் கணினி வாங்கியது முதல் எழுதுவதையே நிறுத்தியிருந்தார். "என் எழுத்து அதுல இல்ல, தம்பி" என்றார். இருக்கிறது. என்.எச்.எம். ரைட்டர் என்ற கட்டணமில்லா மென்பொருளில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இவற்றோடு தட்டச்சுப் பொறி அமைப்பும் உண்டு. நான்காம் நாள் மாலை அவர் வீட்டுக்குப் போய் அதை நிறுவிக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் தயங்கிய விரல்கள் பிறகு நிற்கவேயில்லை.

பரளியாற்றைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையோடு இந்த இதழ் தொடங்குகிறது.

அன்புடன்,
ஆசிரியர்