பட்டா இல்லாதவர்களின் வறட்சி

வானத்துக்குச் சாதி இல்லை. வறட்சி நிவாரணத்துக்கு இருக்கிறது. 2016 அக்டோபரும் அதற்குப் பிறகு நடந்தவையும் இதைத்தான் சொல்கின்றன.

ஐப்பசியில் அடைமழை என்பது நம் சனங்களின் கணக்கு. அந்த வருசம் ஐப்பசி பிறந்தும் வெயில் சித்திரை மாதிரி காய்ந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதே அக்டோபர் 30ஆம் தேதிதான். தொடங்கியும் பெய்யவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகத்துக்கு வழக்கமாகக் கிடைப்பது சுமார் 440 மி.மீ.; கிடைத்தது சுமார் 168 மி.மீ. 62 சதவீதம் குறைவு. முந்தைய வருசம் இதே மாதங்களில் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் மிதந்தது. வெள்ளத்தைப் படம் பிடிக்க முடியும். நடக்காமல் போன நடவை யார் படம் பிடிப்பது?

விருத்தாசலத்தைப் பீங்கான் ஊர் என்பார்கள். 'வெயிலடிச்சா சாமான் சீக்கிரம் காயும், சூளைக்கு நல்லதுதானே' என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊரைத் தாண்டினால் முந்திரியும் மல்லாட்டையும் விளைகிற செம்மண் காடு. மழை இல்லையென்றால் விதைப்பு இல்லை, களையெடுப்பு இல்லை. காட்டு வேலை போனால் டவுனில் வேலை கேட்டு நிற்கிற கைகள் கூடும். கைகள் கூடினால் கூலி இறங்கும். சாமானைக் காய வைக்கிற வெயில்தான் சேரியின் அடுப்பையும் அணைக்கிறது. போதாததற்கு, நவம்பர் 8ஆம் தேதி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். இருந்த கொஞ்சநஞ்சக் கூலியும் முடங்கியது.

2017 சனவரி 10ஆம் தேதி எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாகத் தமிழக அரசு அறிவித்தது. நிவாரணம் எப்படி? நெல்லுக்கும் பாசனப் பயிருக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய். நிலவரி தள்ளுபடி. நல்லது, கொடுக்கட்டும். சின்ன விவசாயியின் நட்டம் பொய்யல்ல. ஆனால் ஏக்கரே இல்லாதவனுக்கு எந்தக் கணக்கு? வரி கட்ட நிலமே இல்லாதவளுக்கு எதைத் தள்ளுபடி செய்வது?

'நூறு நாள் வேலையை 150 நாளாக்கினார்களே' என்பார்கள். உண்மை. அன்றைய கூலி நாளுக்கு 203 ரூபாய். ஆனால் அது வேலை செய்தால் கிடைக்கிற கூலி; இழப்புக்கு ஈடு அல்ல. நிலம் வைத்திருப்பவருக்கு இழந்த பயிருக்குப் பணம், நமக்கு மட்டும் 'இன்னும் மண் வெட்டு' என்ற உத்தரவா?

நிலம் ஏன் நம்மிடம் இல்லை என்பதும் இயற்கையின் காரியமல்ல. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீரின் அறிக்கைக்குப் பிறகு, 1892இல் வெள்ளை அரசு பஞ்சமி நிலம் ஒதுக்க முன்வந்தது. மற்றவர்க்குக் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி கைமாறிப் போனது. அன்று நிலத்தைப் பறித்தவர்களின் பட்டாவுக்கு இன்று நிவாரணம். பறிகொடுத்தவர்களுக்கு வெறும் வெயில்.

ஏக்கர் கணக்கு ஒன்றும் மாற்ற முடியாத வேதமல்ல. பேரிடர் நிவாரண விதிகளிலேயே, வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு உதவித்தொகை உண்டு. 2015இல் வந்த விதிப்படி அது பெரியவருக்கு நாளுக்கு 60 ரூபாயாகவும் குழந்தைக்கு 45 ரூபாயாகவும் இருந்தது. எத்தனை சேரிகளுக்கு இது தெரியும்? தெரிந்துகொள்ளாமல் கேட்க முடியாது. கேட்காமல் எந்த அதிகாரியும் தரப்போவதில்லை.

மாணவத் தோழர்களுக்கு என் கோரிக்கை இதுதான். மழை பொய்க்கிற ஐப்பசி இன்னும் வரும். அதற்கு முன்பே உங்கள் சேரியில் வீடுவீடாகப் போங்கள். யாருக்கு எத்தனை நாள் வேலை, என்ன கூலி, யார் குத்தகைக்கு உழுகிறார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். நடவு நின்ற நாளிலிருந்து இழந்த வேலைநாட்களை எண்ணுங்கள். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் பயிர் இருக்கும். அதை நட்டவள் இருக்கமாட்டாள். அவள் பேர் நம் நோட்டில் இருக்க வேண்டும். அந்த நோட்டோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போவோம். வறட்சியை ஏக்கரில் மட்டும் அளக்காதே, வேலைநாளிலும் அள என்று கேட்போம். பஞ்சமி நிலத்தையும் சேர்த்தே கேட்போம்.