பொறுக்கத் தக்கதும் தகாததும்

தலைப்பிரசவத்திற்கு மகள் பிறந்தகம் வந்து சேர்ந்துவிட்டால், தியாகராய நகர் வீடுகளில் வைத்தியத்திற்குப் பஞ்சமே இராது. பாட்டி ஒன்று சொல்வாள். எதிர்வீட்டு மாமி ஒன்று சொல்வாள். கையிலுள்ள கைப்பேசியோ ஒன்பது சொல்லும். இத்தனை பேரும் ஒரே குரலில் ஓதும் மந்திரம் ஒன்று உண்டு: "எல்லாருக்கும் வருவதுதான், பொறுத்துக்கொள்." இம்மந்திரம் பெரும்பாலும் உண்மையே. உண்மையல்லாத சிறு பகுதிதான் உயிருக்கு உலை வைப்பது. ஆகவே எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கலாகாது என்பதைப் பற்றி இவ்வாரம் நேயர்களுடன் பேச விரும்புகிறோம்.

முதலில் நெஞ்செரிச்சல். வளர்ந்த கருப்பை இரைப்பையை மேல்நோக்கி நெருக்குகிறது. கர்ப்ப காலத்து ஹார்மோன்களோ இரைப்பையின் மேல்வாயைத் தளர்த்திவிடுகின்றன. மூன்று வேளை உணவை ஐந்தாறு வேளையாகப் பிரித்துண்டு, உண்டதும் படுக்காமல், தலைமாட்டைச் சற்று உயர்த்திக்கொண்டால் பெரும்பாலும் தணியும். நெஞ்சு எரிந்தால் குழந்தைக்கு முடி அடர்த்தி என்று பாட்டிமார் கூறுவதைப் படித்தவர்கள் நகைப்பதுண்டு. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 64 கர்ப்பிணிகளை விசாரித்து, 2006-ல் வெளியிட்ட முடிவு பாட்டி கட்சிக்கே ஜயம் அளித்தது!

ஆனால் படுக்கை விஷயத்தில் பாட்டி கட்சிக்கு நாம் வாக்களிக்க இயலாது. "புரண்டு படுக்காதே, எழுந்து உட்கார்ந்து திரும்பு, இல்லையேல் கொடி சுற்றிக்கொள்ளும்" என்று பயமுறுத்தி, ஏற்கெனவே உறக்கமில்லாத பெண்ணை இரவில் பத்து முறை எழுப்புகிறார்கள். குழந்தை தானே உள்ளே அசைந்து திரும்புவதால் கொடி சுற்றுகிறதேயன்றித் தாய் புரள்வதால் அன்று. கவனிக்க வேண்டியது வேறு. கடைசி மூன்று மாதங்களில் மல்லாந்து உறங்கினால் வயிற்றின் பாரம் பெரிய இரத்தக் குழாய்களை அழுத்தும்; ஆகையால் ஒருக்களித்துப் படுத்தல் வேண்டும். வலமானாலும் இடமானாலும் சரியே.

கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் பாதத்தை முழங்காலை நோக்கி மடக்கி நீவிவிட்டால் போதும். மலச்சிக்கலுக்குக் கீரையும் பழமும் நிறையத் தண்ணீரும் உதவும்; விளக்கெண்ணெய் வேண்டாம். இரும்புச் சத்து மாத்திரையால் சிக்கல் மிகுகிறதென்று அதை ஜன்னல் வழியே எறிந்துவிடும் பெண்கள் உளர். 2019-21-ம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கில், தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் இரத்த சோகையுடையவர்கள் என்று கண்டார்கள். மாத்திரையைக் காப்பியோடு விழுங்கினால் சத்து உடலில் சேராது (நம் பேட்டையில் இதைச் சொல்லவும் துணிவு வேண்டியிருக்கிறது). எலுமிச்சம்பழச் சாற்றோடு உண்டால் நன்கு சேரும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வேறு வேளைக்கு ஒதுக்கவேண்டும்.

இனி, கால் வீக்கம். மாலையில் கணுக்கால் வீங்குவதும், காலை நீட்டி உயர்த்திப் படுத்தால் விடியலில் வடிவதும் சாதாரணமே. அதற்காகத் தண்ணீரைக் குறைப்பது தவறு. வகுப்பில் நாள் முழுதும் நின்று பாடம் சொல்லும் எங்களைப் போன்றவர்களுக்கு இவ்வீக்கம் பழகிய விருந்தாளி. 2017-ன் திருத்தச் சட்டப்படி 26 வாரப் பிரசவ விடுமுறையில் எட்டு வாரம் வரை முன்னதாகவே எடுக்கலாம். எனினும் குழந்தையோடு இருக்கும் நாட்களுக்கென்று அதைச் சேமித்து, ஒன்பதாம் மாதத்திலும் கரும்பலகையின் முன் நிற்கிறார்கள். ஒரு நாற்காலி போட்டால் பள்ளிக்கூடத்தின் கௌரவம் குறைந்துவிடாது!

ஆனால் வீக்கம் திடீரென முகத்திலும் கைகளிலும் ஏறினால், விடாத தலைவலி வந்தால், கண் மங்கினால் அல்லது பூச்சி பறந்தால், வலப்புற விலாவின் கீழே வலித்தால், அது விருந்தாளியன்று. இரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டுவிட்டதா என்று அன்றே பார்க்க வேண்டும். விட்டுவிட்டால் ஜன்னி கண்டு தாயும் சேயும் ஆபத்திற்கு உள்ளாகலாம். தக்க தருணத்தில் போனால் மக்னீஷியம் சல்பேட் என்ற மலிவான மருந்தைக் கொண்டே ஜன்னியைத் தடுக்கிறார்கள். தலைவலிக்குத் தைலம் தடவிக்கொண்டு "வெயில் சூடு" என்று இரவைக் கழிப்பதுதான் நாம் மிகவும் அஞ்சும் காரியம்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலிப்பதும், தடிப்பின்றி உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் அரிப்பதும் டாக்டரிடம் அன்றே கூறத் தக்கவை. முன்னது இரத்தக் கட்டியாகவும், பின்னது ஈரலின் கோளாறாகவும் இருக்கக் கூடும். கடைசி மாதத்தில் இடமில்லாமையால் குழந்தையின் அசைவு குறையும் என்பது பெருந் தவறு. அசைவின் தன்மை மாறலாம், குறையலாகாது. குறைந்ததென்று தாய்க்குத் தோன்றினால் மறுநாளுக்காகக் காத்திருக்கலாகாது.

சூட்டு வலிக்குச் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். நல்லது, கொடுக்கட்டும். வலி ஒழுங்கான இடைவெளியில் நெருங்கி வலுத்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் கண்டாலோ, அடுப்பை அணைத்துவிட்டுப் புறப்பட வேண்டும்.

1875-ல் மேரி ஷார்லீப் என்ற ஆங்கில மாது சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவரோடு சேர்ந்த பெண்கள் மூவரே. ஆண் வைத்தியரிடம் சொல்ல நாணி வீட்டுக்குள்ளேயே பிரசவத்தில் மடிந்த நம் பெண்களின் நிலையைக் கண்டு அவர் அப்படிப்புக்கு வந்தார். 1885-ல் அவர் முயற்சியால் தோன்றியதே கோஷா ஆஸ்பத்திரி. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இப்போது பெண் டாக்டர்களுக்குக் குறைவில்லை. ஆயினும் மாமியார் என்ன நினைப்பாரோ என்று தலைவலியை மறைக்கும் பெண்கள் இருக்கிறார்கள்.

வளைகாப்பு முடிந்த கையோடு இரண்டு ஏற்பாடுகளைச் செய்துவிடுங்கள். பரிசோதனைச் சீட்டு, இரத்த வகை, ஆஸ்பத்திரியின் தொலைபேசி எண் யாவும் ஒரே பையில் கதவருகே தொங்கட்டும். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் உஸ்மான் சாலையின் நிலையை நேயர்கள் அறிவார்கள். 108 வண்டி வந்தாலும் எந்தத் தெரு வழியாக வெளியேறுவது என்பதை வீட்டு ஆண்மக்கள் ஒரு தடவை நடந்து பார்த்துத் தீர்மானித்து வைக்கட்டும்.