கதவுக்கு வெளியே நிற்கும் பிள்ளை



சினிமா நம் வீட்டு வாசற்படியைத் தாண்டவில்லை என்று சொல்லிக்கொண்ட காலம் போய்விட்டது. கைபேசி இல்லாத வீடு இல்லை. கைபேசிக்குள் சினிமா இல்லாமலும் இல்லை. பிள்ளைகள் இரவில் பார்த்ததை மறுநாள் மதரசாவில் வந்து கேட்கிறார்கள். அப்படி வந்த கேள்விகளுள் ஒன்று: “திருநங்கைகளுக்கு வாப்பா, உம்மா இருக்க மாட்டார்களா, உஸ்தாத்?” ஹலாலா, ஹராமா என்று கேட்பார்கள் என எதிர்பார்த்தோம். அவர்களோ குடும்பத்தைக் கேட்டார்கள்.

கேள்வியில் நியாயம் உண்டு. நெடுங்காலம் தமிழ்த் திரைப்படங்களில் திருநங்கை என்பவர் சிரிப்பதற்கான ஒரு வேடம் மட்டுமே. அவருக்கு ஊர் கிடையாது, பெற்றோர் கிடையாது. ஒரு பாட்டுக்கு வந்து மறைவார். 2011-இல் ராகவா லாரன்ஸ் இயக்கிய ‘காஞ்சனா’ பேய்ப் படந்தான்; மார்க்க அடிப்படையில் அதில் நாம் ஏற்க இயலாதவை பல. ஆயினும் சரத்குமார் ஏற்ற காஞ்சனா என்ற திருநங்கைக்கு அதில் ஒரு பின்கதை உண்டு. பெற்றோர் அவரைக் கைவிடுகிறார்கள். அவருக்கு அடைக்கலம் தருபவர், மனவளர்ச்சி குன்றிய மகனோடு வாழும் ஒரு முஸ்லிம். காஞ்சனாவோ தம்மைப் போலவே கைவிடப்பட்ட இன்னொரு பிள்ளையை எடுத்து வளர்த்து, மருத்துவம் படிக்க வைக்கிறார். பெற்றவர்கள் வேண்டாம் என்ற பிள்ளைக்கு இடம் கொடுப்பவர் ஒரு ‘பாய்’ என்று எழுதத் தோன்றியிருக்கிறதே, அந்த நல்லெண்ணத்துக்கு நம் மஹல்லாக்கள் தகுதி உடையனவா?

ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்த படம் வேறு விதமாகப் பேசியது. 2020-இல் வெளியான ‘பாவக் கதைகள்’ தொகுப்பில் சுதா கொங்கரா இயக்கிய ‘தங்கம்’ என்ற பகுதியில், கைவிடும் குடும்பமே முஸ்லிம் குடும்பம். காளிதாஸ் ஜெயராம் நடித்த சத்தார், தம்மைப் பெண்ணாக உணர்பவர். அறுவை சிகிச்சைக்காகக் காசு சேர்த்து வைத்திருப்பவர். தாம் நேசித்த நண்பன் தம் தங்கை சாஹிராவை விரும்புவதை அறிந்ததும் அந்தக் காசையே கொடுத்து இருவரையும் ஊரைவிட்டு அனுப்பிவிடுகிறார். காதலுக்குத் துணைபோனது சரியா என்பது தனி விவாதம். அதன்பின் ஊர் ஆண்கள் அவரைத் துரத்துகிறார்கள். அபயம் தேடித் தட்டும் கதவுகள் திறக்கவில்லை; பெற்ற வீட்டுக் கதவும் அவற்றுள் ஒன்று. ஓடிப்போனவர்கள் குழந்தையோடு திரும்பும்போது சத்தார் உயிரோடு இல்லை.

“முஸ்லிம்களை இழிவுபடுத்தவே இப்படி எடுக்கிறார்கள்” என்று சிலர் சினந்ததைக் கேட்டோம். அவர்கள் பாகிஸ்தானில் ஷுஐப் மன்சூர் எடுத்த ‘போல்’ படத்தைப் பார்க்கட்டும். அதுவும் 2011-இல் வந்ததுதான். லாகூரில் வாழும் ஒரு ஹகீம், தொழுகையாளி. ஆண் வாரிசு வேண்டிப் பெண்மக்கள் பலரைப் பெற்றவருக்குப் பிறக்கும் சைஃபி, இருபால் உடலமைப்போடு பிறக்கிறான். வீட்டுக்குள்ளேயே ஒளித்து வளர்க்கிறார்கள். வளர்ந்து, வண்டிகளுக்கு வண்ணம் தீட்டும் வேலைக்கு வெளியே சென்றபோது அவன் வன்கொடுமைக்கு ஆளாகிறான். வீடு திரும்பிய பிள்ளையைத் தந்தையே, மானம் போயிற்றென்று மூச்சு முட்டச் செய்து கொன்றுவிடுகிறார். அதை மறைக்கக் காவலருக்குக் கொடுத்த கையூட்டு, பள்ளிவாசல் அவரிடம் அமானிதமாக ஒப்படைத்திருந்த பணம். பிள்ளையைக் கொன்ற கை அமானிதத்திலும் கைவைத்தது என்று காட்டிய இயக்குநர் நம் மார்க்கத்தை அறியாதவர் அல்லர்.

இனி மார்க்கத்துக்கு வருவோம். உடலமைப்பிலேயே ஆண், பெண் என்று தெளிவாகாத ‘குன்ஸா’ பற்றி நம் ஃபிக்ஹு நூல்களில் சட்டங்கள் நிறையவே உள்ளன. ஜமாஅத் தொழுகையில் எந்த ஸஃப்பில் நிற்பது, வாரிசுப் பங்கை எவ்வாறு கணக்கிடுவது, மய்யித்தை யார் குளிப்பாட்டுவது எனப் பேசப்பட்டிருக்கிறது. வாரிசுரிமையில் ஷாஃபிஈ மத்ஹப், உறுதியான பங்கை உடனே கொடுத்துவிட்டு, ஐயத்துக்குரிய மீதியை நிலை தெளிவாகும் வரை நிறுத்தி வைக்கச் சொல்கிறது. அந்தப் பிள்ளை குடும்பத்துக்குள் இருக்கிறது என்பதை எடுத்துக்கொண்டுதான் இமாம்கள் இவற்றை எழுதினார்கள். வெளியே துரத்தப்பட்ட பிள்ளைக்கு எந்த ஸஃப் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

உடல் தெளிவாக இருந்தும் இயல்பில் பெண்மை கொண்டவரின் நிலை வேறு. பெண்ணைப் போல் ஒப்பனை செய்யும் ஆணையும், ஆணைப் போல் நடக்கும் பெண்ணையும் நபி (ஸல்) அவர்கள் சபித்த ஹதீஸை நாம் மறைக்கப்போவதில்லை. அதற்கு விளக்கம் எழுதிய இமாம் நவவீ (ரஹ்) போன்றோர், பிறவியிலேயே அத்தன்மை அமைந்தவர்மீது குற்றமில்லை என்றும், வேண்டுமென்றே வரவழைத்துக்கொள்பவரையே அந்தக் கண்டனம் சாரும் என்றும் பிரித்துக் காட்டினார்கள். அறுவை சிகிச்சையைப் பொறுத்தவரை, ஈரானில் ஆயத்துல்லாஹ் குமைனி அனுமதி அளித்தார். தெளிவான உடலமைப்பை மாற்ற அனுமதி இல்லை என்பதே சுன்னத் ஜமாஅத் அறிஞர்களுள் பெரும்பாலோர் கருத்து. நாம் கற்றதும் அதுவே.

“அவர்களை வீடுகளிலிருந்து வெளியேற்றுங்கள் என்ற கட்டளை புகாரீயிலேயே இருக்கிறதே” என்று கேட்பவர் உண்டு. இருக்கிறது. அதன் பின்னணியையும் படிக்க வேண்டும். பெண்களின் அறைகளுக்குள் போய்வர இசைவு பெற்றிருந்த ஒருவர், ஒரு பெண்ணின் உடலழகை அந்நிய ஆணிடம் வருணித்தார். அதனால் அந்த இசைவு நீங்கியது. அந்நியப் பெண்களின் திரைமறைவைக் காக்க வந்த கட்டளை அது. தந்தை தன் பிள்ளையைத் தெருவில் தள்ள அதை எடுத்தாள்வது எவ்வகையிலும் பொருந்தாது. அவ்வாறு ஊருக்கு வெளியே அனுப்பப்பட்டவர் பசியால் இறந்துபோவாரே என்று சொல்லப்பட்டபோது, வாரம் இருமுறை மதீனாவுக்குள் வந்து உணவு கேட்டுச் செல்ல நபியவர்கள் அனுமதித்ததை அபூதாவூத் பதிவு செய்கிறது. மருதாணி பூசிய இன்னொருவரைக் கொன்றுவிடலாமா என்று தோழர்கள் கேட்டபோது, தொழுகையாளிகளைக் கொல்வது தமக்குத் தடுக்கப்பட்டுள்ளது என்று மறுத்ததும் அதே நூலில் உண்டு. ‘போல்’ படத்து ஹகீம் தொழுகையாளி. அவர் மூச்சை நிறுத்திய சைஃபியும் ஒரு முஸ்லிமின் பிள்ளை.

நம்மிடம் தந்தையர் சிலர் கேட்கும் கேள்வி இன்னும் நேரடியானது. “அவனைத் தலைமுழுகிவிட்டோம். சொத்தில் பங்கு இல்லை என்று எழுதி வைக்கலாமா?” முடியாது. கொலை, மத வேறுபாடு முதலிய சில காரணங்களையே ஷரீஅத் வாரிசுரிமைக்குத் தடையாக வைத்திருக்கிறது; சேலை உடுத்தியது அவற்றுள் இல்லை. பிள்ளை பாவம் செய்தாலும் நஸப் அறுவதில்லை. உறவைத் துண்டித்தவனுக்கு வந்துள்ள எச்சரிக்கை தந்தைக்கும் உரியதே. வட்டிக்குக் கடன் வாங்கிய மகனோடும், மது அருந்தும் மகனோடும் பெருநாள் சோறு உண்கிறோம். இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் தட்டு வைக்க மறுக்கும்போது, நம்மைத் தடுப்பது மார்க்கமா, ஊர்ப் பேச்சா?

இன்னொரு வழக்கமும் இருக்கிறது: “நிக்காஹ் செய்து வைத்தால் சரியாகிவிடும்.” 2019-இல் வந்த ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில் விஜய் சேதுபதி ஏற்ற ஷில்பா, மாணிக்கம் என்ற ஆணாக மணம் முடித்து, ஒரு மகன் பிறந்தபின் வீட்டைவிட்டுப் போனவர். ஆண்டுகள் கழித்துச் சேலையில் திரும்பி வருகிறார். மகன் ராசுக்குட்டி சிறிதும் தயங்காமல் அந்தக் கையைப் பற்றிக்கொள்வதை எல்லோரும் பாராட்டினார்கள். படத்தில் உயிருள்ள இடம் அதுதான். நமக்கோ மனைவி ஜோதியின் நினைவுதான் அகலவில்லை. இத்தனை ஆண்டு காத்திருந்தவளின் ஜீவனாம்சம் எங்கே? அவளுடைய இளமைக்கு யார் பொறுப்பு? இயக்குநர் தியாகராஜன் குமாரராஜா அவள் பக்கம் இன்னும் சற்று நின்றிருக்கலாம். ஷில்பா குழந்தைகளைப் பிச்சைக்குக் கடத்தியதாக வைத்த காட்சியைத் திருநங்கையர் கண்டித்ததும் நியாயமே. ஈரானில் 2011-இல் நிகார் ஆசர்பாய்ஜானி எடுத்த ‘எதிரெதிர்க் கண்ணாடிகள்’ என்ற பொருள்படும் படத்திலும், தம்மை ஆணாக உணரும் ஒருவர், தந்தை முடிவு செய்த திருமணத்துக்கு அஞ்சியே வீட்டைவிட்டு ஓடுகிறார். மகனின் நிலை தெரிந்தும் அதை மறைத்து ஒரு வீட்டுப் பெண்ணைக் கட்டிவைப்பது அப்பெண்ணுக்குச் செய்யும் வஞ்சனை. அதைச் சிகிச்சை என்று எண்ணும் பெற்றோர், பேசி முடிக்கும் முன் ஒருமுறையேனும் அல்லாஹ்வை அஞ்சட்டும்.

தமிழ்நாட்டுத் திருநங்கையர் தாங்கள் கூடி வாழும் அமைப்பை ‘ஜமாத்’ என்றே அழைக்கிறார்கள். அங்கே மூத்தவர் தாய், இளையவர் மகள். நம் ஜமாஅத் கைவிட்ட பிள்ளை அந்த ஜமாத்தில் போய் உம்மாவைத் தேடிக்கொள்கிறது. 2019-ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டமும், 12-ஆம் பிரிவில், பெற்றோரோடு ஒரே வீட்டில் வாழும் உரிமையை எழுதி வைத்தது. நாட்டின் சட்டம் சொல்லித்தான் பிள்ளைக்குக் கதவு திறப்போம் என்றால் அது நமக்குப் பெருமையன்று.

பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. குடும்ப அட்டையிலிருந்தோ மஹல்லா பதிவேட்டிலிருந்தோ ஒரு பிள்ளையின் பெயரை நீக்கித் தருமாறு தந்தை ஒருவர் கடிதத்தோடு வந்தால், அன்றே கையொப்பமிட்டு அனுப்பிவிடாதீர்கள். உட்கார வைத்துப் பேசுங்கள். அந்தப் பிள்ளை இப்போது எங்கே தங்கியிருக்கிறது, இரவுக்கு என்ன சாப்பிட்டது என்று கேளுங்கள். உம்மாவையும் அழைத்து வரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்தக் கடிதம் உம்மாவுக்குத் தெரியாமல் எழுதப்பட்டதாகவே இருக்கும்.