ஒப்பிடும் திரையும் ஒப்பமிடும் கையும்

புலம்பெயர்ந்த மண்ணில் ஒரு குடும்பம் காலூன்ற முற்படும்போது அதற்கு முதலில் தேவைப்படுவது இருக்க ஓர் இடம், அடுத்தது தொழில், மூன்றாவதாக, எவரும் அழைக்காமலேயே வந்து சேர்வது கடன். பயணச் செலவுக்குப் பட்ட கடன், வாகனக் கடன், வீட்டுக் கடன், ஊரிலுள்ள சகோதரியின் திருமணத்துக்காக எடுத்த கடன் என்று அது பல பெயர்களில் வருகின்றது. பிரித்தானியாவில் வாழும் எம்மவரின் இல்லங்களில் கடனைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தாழ்ந்த குரலிலேயே நடைபெறுகின்றது. பிள்ளைகள் முன்னிலையில் அது பேசப்படுவதில்லை. ஆனால் கடன் விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டிய வேளை வந்ததும் கணினியின் முன்னால் அமர்த்தப்படுபவர் அதே பிள்ளைதான்.

பிள்ளைக்கு மொழி தெரியும். கடனின் சுமை தெரியாது. பெற்றோருக்குக் கடனின் சுமை தெரியும். திரையில் எழுதப்பட்டிருப்பது தெரியாது. இவ்விரு அறியாமைகளும் சந்திக்கும் இடமாகவே, கடன்களையும் நிதிச் சேவைகளையும் ஒப்பிட்டுக் காட்டும் இணையத்தளங்கள் இன்று எம்மவரின் வீடுகளில் விளங்குகின்றன. இத்தளங்களை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பது குறித்துச் சில கருத்துகளை எமது உறவுகளுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

முதலில் இத்தளங்களுக்குரிய நியாயத்தைச் செய்துவிடுவோம். 1999 ஆம் ஆண்டில் மணிசூப்பர்மார்க்கெட் இணையத்தளமும், 2002 ஆம் ஆண்டில் வாகனக் காப்புறுதிக்கெனக் கன்ஃபியூஸ்ட்.காம் தளமும் தொடங்கப்பட்டன. அதற்கு முன்னர் நான்கு வங்கிகளின் வட்டிவீதத்தை அறிய வேண்டுமாயின் நான்கு வங்கிகளின் படியேற வேண்டும். ஆங்கிலம் சரளமாகப் பேச இயலாத ஒருவர் முதலாவது வங்கி சொன்னதை ஏற்றுக்கொண்டு திரும்பிவிடுவதே வழமையாக இருந்தது. இன்று ஒரு படிவத்தை நிரப்பினால் பல நிறுவனங்களின் வீதங்கள் ஒரே திரையில் தோன்றுகின்றன. ஒப்பீட்டின் பயனை அரசின் அமைப்புகளும் ஏற்றுக்கொண்டுள்ளன. குறுங்காலக் கடன் வழங்கும் இணைய நிறுவனங்கள், அனுமதி பெற்ற ஒப்பீட்டுத் தளம் ஒன்றிலேனும் தமது கட்டணங்களை வெளியிட வேண்டும் என்று போட்டி மற்றும் சந்தைகள் அதிகாரசபை 2015 ஆம் ஆண்டில் ஆணை பிறப்பித்தமை இதற்குச் சான்றாகும்.

எனினும், கணினித் துறையில் பணியாற்றுவோருக்கு நன்கு தெரிந்த ஓர் உண்மை உண்டு. எந்தப் பட்டியலும் தானாக வரிசைப்படுவதில்லை. எதனை மேலே வைப்பது, எதனைக் கீழே வைப்பது, எதனைக் காட்டாமலே விடுவது என்பதை யாரோ ஒருவர் தீர்மானித்து நிரலாக எழுதியிருக்கின்றார். ஒப்பீட்டுத் தளத்தைப் பயன்படுத்துவோரிடம் கட்டணம் அறவிடப்படுவதில்லை. நீங்கள் அங்கிருந்து ஒரு நிறுவனத்தின் பக்கத்துக்குச் சென்றாலோ, கடனைப் பெற்றாலோ, அந்நிறுவனம் தளத்துக்குத் தரகு செலுத்துகின்றது. இது சட்டபூர்வமானது; மறைக்கப்பட்டதுமன்று. ஆயினும், விளம்பரம் என்ற சிறிய குறிப்புடன் பட்டியலின் உச்சியில் நிற்கும் கடன், மலிவான கடனாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சந்தையிலுள்ள எல்லா நிறுவனங்களும் அங்கு இடம்பெறுவதுமில்லை. உறுப்பினரின் சேமிப்பிலிருந்தே கடன் வழங்கும் சிறிய கடன் சங்கங்கள் பல இப்பட்டியல்களில் காணப்படுவதில்லை. ஆகவே, திரையைக் கண்டதும் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "இந்த வரிசை எதன் அடிப்படையில் அமைந்தது?" என்பதே. மொத்தச் செலவின் அடிப்படையில் வரிசைப்படுத்தும் தெரிவு இருந்தால் அதனைத் தெரிவுசெய்து மீண்டும் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி, திரையில் பெரிதாகத் தெரியும் வட்டிவீதத்தைப் பற்றியது. ஏ.பி.ஆர் என்று குறிப்பிடப்படும் ஆண்டு வீதம், வட்டியையும் கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்துக் கணிக்கப்படுவது. ஒப்பிடுவதற்கு ஏற்ற அளவுகோல் அதுவே. ஆனால் விளம்பரங்களில் அதற்கு முன்னால் "ரெப்ரசென்டேட்டிவ்" என்ற சொல் ஒட்டப்பட்டிருக்கும். அவ்விளம்பரத்தின் வழியாகக் கடன் பெறுவோரில் குறைந்தது 51 சதவீதத்தினருக்கு அந்த வீதமோ அதனிலும் குறைந்த வீதமோ கிடைக்கும் என்பதே அதன் பொருள். எஞ்சிய 49 சதவீதத்தினருக்கு அதனைவிடக் கூடிய வீதம் விதிக்கப்படலாம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டோர் இக்கணக்கில் வருவதேயில்லை. இந்நாட்டுக்குப் புதிதாக வந்தவரும், கடன் வரலாறு இல்லாதவரும், கையில் பணமாகச் சம்பளம் பெறுபவரும் அந்த 49 பேரில் ஒருவராகும் வாய்ப்பு அதிகம் என்பதை நாம் மனதில் இருத்த வேண்டும்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்கின் மூலம் பார்ப்போம். 10,000 பவுண் கடனை 5 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்துவதாக வைத்துக்கொள்வோம். 6 சதவீத ஏ.பி.ஆர் எனில் மாதத் தவணை ஏறத்தாழ 193 பவுண். மொத்த வட்டி ஏறத்தாழ 1,560 பவுண். அதே கடன் 12 சதவீதத்தில் கிடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 219 பவுண். மொத்த வட்டி ஏறத்தாழ 3,160 பவுண். மாதத்துக்கு 26 பவுண்தானே என்று தோன்றும் இடைவெளி, ஐந்தாண்டு முடிவில் 1,600 பவுண் ஆகிவிடுகின்றது.

தவணைக் காலமும் இவ்வாறே கண்ணை ஏமாற்றக் கூடியது. மேற்சொன்ன 6 சதவீதக் கடனை 3 ஆண்டுகளில் செலுத்தினால் மாதத் தவணை ஏறத்தாழ 304 பவுண் ஆகும். ஆனால் மொத்த வட்டி 930 பவுணுக்குள் அடங்கிவிடும். "மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று மாத்திரம் கேட்பவர் எப்போதும் நீண்ட காலக் கடனையே தெரிவுசெய்வார். "முடிவில் மொத்தமாக எவ்வளவு கட்டியிருப்பேன்?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்பதே முறையாகும்.

எமது பெற்றோருக்கு வட்டிக் கணக்கு புதிதல்ல. ஊரிலே நூற்றுக்கு இரண்டு, நூற்றுக்கு மூன்று என்று மாத வட்டி பேசி வளர்ந்தவர்கள் அவர்கள். அந்தக் கணக்கை ஆண்டு வீதத்துக்கு மாற்றிப் பார்ப்போமானால், வட்டிக்கு வட்டி சேர, மாதம் 2 சதவீதம் என்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 26.8 சதவீதமாகும், மாதம் 3 சதவீதம் என்பது ஏறத்தாழ 42.6 சதவீதமாகும். பெரிய பிரித்தானியாவில் கடன் சங்கங்கள் அறவிடக்கூடிய உச்ச வட்டியாகச் சட்டம் 2014 முதல் அனுமதித்திருப்பதும் இந்த மாதம் 3 சதவீதமே. எம்மவர் மத்தியில் நடைபெறும் கழிவுச் சீட்டிலும் அவசரத்துக்குச் சீட்டை எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் கழிவே வட்டியாகும். அதற்குச் சதவீதம் எழுதப்படுவதில்லை என்பதே வேறுபாடு. சீட்டில் நம்பிக்கையும் உறவும் உண்டு. ஆனால் பிடிப்பவர் தலைமறைவானால் இழந்த பணத்தை மீட்டுத்தர எந்த இழப்பீட்டுத் திட்டமும் அதற்கு இல்லை. வங்கிக் கடனாயினும், சீட்டாயினும், தெரிந்தவரிடம் பெறும் கைமாற்றாயினும் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்க்கும் பழக்கம் எமக்கு வேண்டும்.

மூன்றாவதாக, இளையோர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. ஒப்பீட்டுத் தளத்தில் "உமக்குக் கடன் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு" என்று பார்ப்பது மென்தேடல் எனப்படும். அதன் தடயம் ஏனைய கடன் நிறுவனங்களுக்குத் தெரியாது. உண்மையான விண்ணப்பத்தைச் சமர்ப்பித்தாலோ அது உங்கள் கடன் பதிவேட்டில் குறைந்தது ஓர் ஆண்டு நிலைத்திருக்கும். ஏனைய நிறுவனங்களும் அதனைக் காணும். ஒன்று மறுக்கப்பட்டதும் அடுத்தது, அதுவும் மறுக்கப்பட்டதும் மற்றொன்று என ஒரே இரவில் ஐந்து விண்ணப்பங்களை அனுப்பினால் ஆறாவது நிறுவனம் கதவைத் திறப்பதற்கே தயங்கும். எக்ஸ்பீரியன், இக்விஃபக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களிடமும் உங்கள் கடன் பதிவேட்டின் அடிப்படை அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறலாம். கடனுக்கு விண்ணப்பிக்கும் முன்னர் அதனைப் பெற்றுப் பிழைகளைத் திருத்துங்கள்.

இங்கே மற்றொன்றையும் சுட்டிக்காட்ட வேண்டும். வாக்காளர் பதிவேட்டில் பெயர் இருப்பது முகவரியை உறுதிப்படுத்தக் கடன் நிறுவனங்களுக்கு உதவுகின்றது. பிரித்தானியக் குடியுரிமை பெற்ற பின்னரே வாக்குரிமை கிடைக்கும் என்று எம்மவர் பலர் இன்றும் எண்ணியிருக்கின்றனர். இலங்கை, இந்தியா, மலேசியா உள்ளிட்ட பொதுநலவாய நாடுகளின் குடிமக்கள், வதிவிட அனுமதியுடன் இங்கு வாழ்வார்களாயின், வாக்காளராகப் பதிவுசெய்யும் உரிமை உடையவர்கள். ஒரு படிவம் உங்கள் குரலுக்கும் உதவும். உங்கள் கடன் மதிப்புக்கும் உதவும்.

நான்காவதாக, பிணை நிற்றல் குறித்து. எமது சமூகத்தில் மாமா கேட்டால், அண்ணா கேட்டால், மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவாகக் கருதப்படுகின்றது. பல்கலைக்கழகம் முடித்து முதற்சம்பளம் பெற்ற இளைஞரின் கடன் பதிவேடு தூய்மையாக இருக்கும். ஆகவே "சும்மா ஒரு கையெழுத்துத்தானே" என்ற கோரிக்கை அவரையே தேடி வரும். அந்தக் கையெழுத்து சும்மா அல்ல. கடன் பெற்றவர் செலுத்தத் தவறினால் எஞ்சிய தொகையைப் பிணை நின்றவரிடமே நிறுவனம் கேட்கும். பிணையாளருடன் கடன் வழங்கிய நிறுவனங்களில் பெரிதாக விளங்கியது 2005 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அமிகோ நிறுவனம். அதன் கடன்கள் 49.9 சதவீத ஏ.பி.ஆரில் விளம்பரப்படுத்தப்பட்டன. அந்த வீதத்தில் 5,000 பவுணை 3 ஆண்டுகளுக்குப் பெறுபவர் ஏறத்தாழ 3,780 பவுண் வட்டி செலுத்த வேண்டும். முறைப்பாடுகள் குவிந்த நிலையில் 2020 ஆம் ஆண்டில் புதிய கடன்களை நிறுத்திய அந்நிறுவனம், 2023 மார்ச்சில் தொழிலை முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது. நிறுவனம் போகலாம், பிணை கேட்கும் வழக்கம் போகவில்லை. உறவினருக்கு உதவ விரும்பினால், இழந்தாலும் தாங்கக்கூடிய தொகையை நேரடியாகக் கொடுத்துவிடுவது பிணை நிற்பதிலும் மேலானது என்பது எமது தாழ்மையான கருத்தாகும்.

சட்டம் எமக்கு வழங்கியுள்ள பாதுகாப்புகளையும் அறிந்திருத்தல் நன்று. 2015 ஜனவரி 2 முதல் குறுங்கால உயர்வட்டிக் கடனுக்கு நாளொன்றுக்கு 0.8 சதவீதத்துக்கு மேல் அறவிட முடியாது. தவறிய தவணைக்கான கட்டணம் 15 பவுணைத் தாண்ட முடியாது. வட்டியும் கட்டணங்களும் சேர்ந்து பெற்ற கடன் தொகையை மீற முடியாது. 100 பவுண் பெற்றவரிடம் எக்காலத்திலும் 200 பவுணுக்கு மேல் கேட்க இயலாது. ஆயினும் இந்த வரம்புக்குள்ளேயே 100 பவுணுக்கு 30 நாளில் 24 பவுண் வட்டி வந்துவிடும் என்பதை மறக்கலாகாது. சாதாரண தனிநபர் கடன் ஒப்பந்தத்திலிருந்து 14 நாட்களுக்குள் காரணம் கூறாமலே விலகும் உரிமையும் உண்டு; பெற்ற தொகையையும் அந்நாட்களுக்கான வட்டியையும் திருப்பிச் செலுத்தினால் போதும். பணத்தை வழங்கும் முன்னர் "முற்கட்டணம்" கேட்பவர் எவராயினும், தமிழில் இனிக்கப் பேசுபவராயினும், விலகி நில்லுங்கள். நிதி நடத்தை அதிகாரசபையின் பதிவேட்டில் நிறுவனத்தின் பெயரைத் தேடி, அங்குள்ள தொலைபேசி எண்ணுக்கே நீங்கள் அழையுங்கள். கடன் ஏற்கெனவே கழுத்தை நெரிக்குமாயின், சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச், நாஷனல் டெட்லைன் ஆகிய அமைப்புகள் கட்டணமின்றி ஆலோசனை வழங்குகின்றன. அவர்களிடம் செல்வதில் எந்த இழிவும் இல்லை.

இவையனைத்தும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டே இருக்கின்றன. எம்மவரின் சாப்பாட்டு மேசையை அவை வந்தடையவில்லை என்பதே குறை. எனவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: கடனின் காரணத்தையும் வருமானத்தின் அளவையும் வளர்ந்த பிள்ளைகளிடம் திறந்து கூறுங்கள். மறைத்து வைத்த கணக்கை அவர்களால் சரியாக மொழிபெயர்க்க இயலாது. இளையோரிடம் ஒரு வேண்டுகோள்: பெற்றோருக்காகப் படிவத்தை நிரப்பும்போது அவசரப்பட்டு இறுதி விசையை அழுத்தாதீர்கள். ஏ.பி.ஆர், தவணைக் காலம், மொத்தத் தொகை, தவறினால் நேர்வது ஆகிய நான்கையும் ஒரு தாளில் தமிழில் எழுதி அவர்களிடம் கொடுங்கள். ஓர் இரவு கழியட்டும். மறுநாளும் அந்தக் கடன் தேவையென்று குடும்பம் கருதினால் அப்போது விண்ணப்பியுங்கள்.

எமது தமிழ்ப் பாடசாலைகளுக்கும் இதில் பங்குண்டு. சனிக்கிழமைகளில் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் வகுப்பு முடியும் வரை மண்டபத்தில் காத்திருக்கின்றனர். தவணைக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம், மேல்வகுப்பு மாணவரையும் பெற்றோரையும் ஒன்றாக அமர்த்தி ஒரு கடன் பட்டியலைத் திரையில் வாசித்துக் காட்டுவது கடினமான செயலன்று. கணினியும் கணக்கும் தெரிந்தவர்கள் எமது சமூகத்தில் தாராளமாக உள்ளனர். அவர்கள் எந்த நிறுவனத்தையும் பரிந்துரைக்காமல், எவரிடமும் தரகு பெறாமல், வாசிக்கும் முறையை மாத்திரம் கற்பிப்பார்களாயின், அதுவே பெரும் தொண்டாகும்.

திரை நூறு கடன்களை ஒப்பிட்டுக் காட்டும். கடன் தேவையா, எவ்வளவு காலத்துக்கு, எவருடைய பெயரில் என்ற கேள்விகளுக்கு விடை காண வேண்டியவர்கள் வீட்டிலுள்ள நாமே. அந்த விடையைக் கூடிப் பேசிக் கண்ட பின்னரே கை ஒப்பமிடட்டும்.